“ஒரே நிமிஷம்”னு ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்... கன்ட்ரோல் யார் கையில்?

சாயங்காலம் ஆறரை மணி பஸ். உட்கார இடமில்லை, ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். இயர்போன் பையின் அடியில் எங்கேயோ சிக்கலாகிக் கிடக்கிறது. டிங் என்று ஒரு சத்தம். நண்பனிடமிருந்து வாய்ஸ் நோட், நீளம் 6 நிமிஷம் 42 விநாடி. மேலே ஒரு வரி டெக்ஸ்ட் இல்லை, கீழேயும் இல்லை.

அவசரமா? சும்மா புலம்பலா? காசு கேட்கிறானா? எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி பிளே பட்டன். தொட்டேன். ஸ்பீக்கர் ஃபுல் வால்யூமில் இருந்திருக்கிறது. “மச்சான், அந்த மேனேஜர் இருக்கான்ல...” என்று தொடங்கி அடுத்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன் சீட்டுப் பாட்டி மட்டும், ‘மேல சொல்லு’ என்பதுபோல ஆர்வமாகக் காத்திருந்தார்.

உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். வாய்ஸ் நோட் அனுப்புகிறவருக்கு சுகம், வாங்குகிறவருக்குச் சுமை என்ற சண்டை எல்லா நண்பர்கள் குரூப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன மைக் பட்டனுக்குப் பின்னால் நம் கையில் என்னென்ன கன்ட்ரோல் இருக்கிறது, எது இல்லை என்று முழுசாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. பார்த்துவிடலாம்.

யாருடைய நேரம் மிச்சமாகிறது?

2016-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சீனாவின் பைடு நிறுவனத்தினரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஸ்மார்ட்போனில் ஆங்கிலத்தில் டைப் செய்வதைவிட, வாயால் சொல்லி எழுத்தாக மாற்றுவது ஏறக்குறைய 3 மடங்கு வேகம் என்று அதில் தெரியவந்தது. ஆங்கிலத்துக்கே இப்படியென்றால் தமிழை யோசித்துப் பாருங்கள். ‘ஸ்ரீரங்கத்துக்கு’ என்று ஒரு வார்த்தை டைப் செய்து முடிப்பதற்குள் வாய் ஒரு வாக்கியமே பேசிவிடும்.

இது அனுப்புகிறவர் பக்கத்துக் கணக்கு. கேட்கிறவர் பக்கம் அப்படியே தலைகீழ். ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பேசும்போது நிமிஷத்துக்கு 150 வார்த்தைகள் அளவில் வரும். மனசுக்குள் வாசித்தாலோ சராசரியாக 238 வார்த்தைகள் போய்விடும் என்கிறது 2019-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. எழுத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது, கண்ணாலேயே மேய்ந்துவிடலாம். ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘5,000 ரூபாய்’ என்ற இரண்டு வார்த்தைகள் கண்ணில் பட்டால் மீதி விஷயம் புரிந்துவிடும். காதால் அப்படி மேய முடியாது. “அப்புறம்... என்ன சொல்ல வந்தேன்... ஆங், இருடா, யாரோ கூப்பிடுறாங்க...” எல்லாவற்றையும் கடந்துதான் அந்த 5,000 ரூபாய்க்கு வந்து சேர வேண்டும்.

ஆக, அனுப்புகிறவர் மிச்சம் பிடித்த நேரத்தை வாங்குகிறவர் செலவழிக்கிறார். ஒரு குரூப்பில் 30 பேர் இருந்து, ஒருவர் 3 நிமிஷம் பேசினால், 90 நிமிஷம் காலி. அது ஒரு பழைய தமிழ் சினிமாவின் முதல் பாதி.

கேசட்டில் வந்த கடிதம்

ஆனாலும் வாய்ஸ் நோட்டை வெறும் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1980-களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள், கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது வழக்கமாக இருந்தது. டேப் ரிக்கார்டரைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். மறு பக்கத்தில் வீட்டுக்காரர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் கடிதம் எழுதிக் கொடுக்கும் மூன்றாவது ஆள் தேவைப்படாமல் போனது அப்போதுதான்.

இன்றைக்கு அதே வேலையை மைக் பட்டன் செய்கிறது. என் பெரியம்மாவுக்கு டைப் செய்ய வராது. தமிழ் கீபோர்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி எங்கே என்று தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும் என்பார். வாய்ஸ் நோட்டில் மட்டும் சிங்கம். காலையில் கறிவேப்பிலை விலை முதல் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை வரை எல்லாம் வரும். நமக்குமே, எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு. ‘நான் நாளை வருகிறேன்’ என்று டைப் செய்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, ‘naalaiku varen’ ரகத்தில் ஆங்கில எழுத்தில் தட்டினால் பாட்டிக்குப் புரிவதில்லை. வாயைத் திறந்தால் இந்தப் பிரச்னையே கிடையாது. கோபமா கிண்டலா என்பதும் குரலிலேயே தெரிந்துவிடும். ‘சரி’ என்று எழுத்தில் வந்த ஒற்றை வார்த்தையால் பிரிந்த காதல் எத்தனையோ!

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது 2013 ஆகஸ்ட்டில். 2022 மார்ச்சில் அந்த நிறுவனம் சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சராசரியாக 700 கோடி வாய்ஸ் மெசேஜ்கள் அதில் அனுப்பப்பட்டன. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் ‘வாய்ஸ் நோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு ஃபைல் பெயரும் ‘பி.டி.டி.’ என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். ‘புஷ் டு டாக்’, அதாவது அழுத்திக்கொண்டு பேசு என்பதன் சுருக்கம். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் வாக்கி டாக்கி வழக்கம். பட்டனை அழுத்தியிருக்கிறவர் பேசலாம், மற்றவர் வாயை மூடிக் கேட்க வேண்டும். நம் குரூப் அட்மின்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அனுப்பும் முன்

முதலில் அனுப்புகிறவர் கையில் உள்ளவை. மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்த மறுநொடி மெசேஜ் பறந்துவிடும். இதுதான் பாதி விபத்துகளுக்குக் காரணம். பேசி முடிக்கும் முன் விரல் வழுக்கி, “அம்மா, நான் வந்து...” என்று அரைகுறையாகப் போய், அங்கே அம்மா பதறிப்போய் கால் செய்வார்.

இதற்கு வழி, அழுத்தியபடியே விரலை மேல் பக்கம் நகர்த்துவது. பூட்டு மாதிரி ஒரு படம் வரும், ரிக்கார்டிங் லாக் ஆகிவிடும். அதன் பிறகு விரலை எடுத்தாலும் பதிவு ஓடும். பேச வேண்டாம் என்று தோன்றினால், அழுத்திய விரலை இடது பக்கம் தள்ளினால் கேன்சல். லாக் ஆன நிலையில் பாஸ் பட்டன் வரும். காலிங் பெல் அடித்தாலோ, குக்கர் விசில் வந்தாலோ நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த வசதி 2022-ல்தான் வந்தது. அதற்கு முன் எல்லார் வாய்ஸ் நோட்டிலும் குக்கர் ஒரு கேரக்டர்.

பாஸ் செய்த பிறகு, அனுப்புவதற்கு முன் நாமே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். தயவுசெய்து கேளுங்கள். முக்கியமாகக் கோபத்தில் பேசியதை. நம் குரலை நாமே கேட்கிற அந்த அரை நிமிஷத்தில் எத்தனையோ மெசேஜ்கள் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன, என்னுடையவை உட்பட. குரலைக் கேட்டதும் ‘ஐயோ, இது நானா’ என்று கூச்சமாக இருப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது, அதனால் கொஞ்சம் கனமாகக் கேட்கும். பதிவில் காற்று வழியாக வரும் குரல் மட்டும்தான். ஊர் உலகம் கேட்கிற நம் குரல் அதுவே.

அனுப்பிய பிறகு மனசு மாறினால், ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ இருக்கிறது. இரண்டு நாளும் இன்னும் சில மணி நேரமும் அவகாசம். ஆனால் அழித்ததற்கான அடையாளம் சாட்டில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு “என்ன அனுப்புன, என்ன அழிச்ச?” என்று தொடங்கும் விசாரணைக்கு வாட்ஸ்அப் பொறுப்பல்ல.

கேட்கிறவர் கையில்

2021-ல் வந்த வேகப் பட்டன்தான் வாங்குகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. பிளே ஆகும்போது ஓரத்தில் 1 என்று இருப்பதைத் தொட்டால் 1.5 மடங்கு, இன்னொரு தடவை தொட்டால் 2 மடங்கு. ஆறே முக்கால் நிமிஷம் மூன்று நிமிஷத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

பழைய டேப் ரிக்கார்டரில் கேசட்டை வேகமாக ஓடவிட்டால் குரல் கீச்சென்று எலி மாதிரி மாறும். போனில் ஏன் அப்படி ஆவதில்லை? டேப் வேகமாக ஓடும்போது ஒலி அலைகளே நெருக்கப்படுகின்றன, அதனால் சுருதி ஏறிவிடுகிறது. போன் அப்படிச் செய்வதில்லை. ஒலியை ஒரு விநாடியில் சில நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று நெருக்கி அடுக்கி, விளிம்பைப் பிசிறில்லாமல் ஒட்டிவிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அலை பழையபடியே இருப்பதால் சுருதி மாறாது, நேரம் மட்டும் சுருங்கும். பூ கட்டுகிறவர் சரத்தில் பூக்களை நெருக்கிக் கட்டுவது மாதிரி, பூ அதே அளவு, சரம்தான் குட்டை.

தமிழில் குறில், நெடில் என்று உச்சரிக்கும் நேரத்தை வைத்தே அர்த்தம் மாறுகிறது. கல், கால். படம், பாடம். வேகம் கூட்டினால் குழப்பம் வராதா? பெரும்பாலும் வருவதில்லை. குறிலும் நெடிலும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காது கண்டுபிடித்துவிடுகிறது. தடுமாறுவது போன் நம்பர், தொகை, விலாசம், முன்பின் கேட்டிராத பெயர் ஆகியவற்றில்தான். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை கேட்பது நல்லது. ‘பதினஞ்சு’, ‘பதினேழு’ குழப்பத்தில் பணம் போட்டு அலைந்தவன் சொல்கிறேன்.

பஸ் பிரச்னைக்கும் ஒரு தீர்வு உண்டு. பிளே செய்துவிட்டுப் போனைக் காதில் வைத்தால், ஸ்பீக்கர் அடங்கி, கால் பேசுவதுபோல இயர்பீஸில் கேட்கும். முகம் நெருங்குவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் போனின் மேல்பகுதியில் இருப்பதால் இது நடக்கிறது. ஆனால் கவனம், காதில் வைத்த பிறகுதான் சத்தம் மாறும். பிளே பட்டனை அழுத்தியதற்கும் போன் காதுக்குப் போவதற்கும் இடையில் உள்ள அந்த அரை விநாடியில், மேனேஜர் வெளியே வந்துவிடுவார். சமர்த்தாக இருப்பவர்கள் முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள்வார்கள். சென்சார் இருக்கும் இடத்தை மறைக்கிற மாதிரி மலிவான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் இந்த வசதி மக்கர் செய்யும்.

இதைத் தவிர, சாட்டை விட்டு வெளியே வந்து மற்றவர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டே கேட்கலாம். பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்தை ஆப் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

2024 நவம்பரில் வாட்ஸ்அப் அறிவித்த டிரான்ஸ்கிரிப்ட், பேச்சை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதி. செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். பிறகு மெசேஜை அழுத்திப் பிடித்தால் அதற்கான ஆப்ஷன் வரும். மாற்றும் வேலை உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது, குரல் எந்த சர்வருக்கும் போவதில்லை. எழுத்து வடிவம் வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியும், அனுப்பியவருக்குத் தெரியாது. எல்லா மொழிக்கும் இது கிடையாது, மொழிப் பட்டியல் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வித்தியாசப்படும், உங்கள் போனில் எவை இருக்கின்றன என்று திறந்து பாருங்கள். ‘பிராஜெக்ட்டை சப்மிட் பண்ணிட்டு கெளம்பிட்டேன்டா’ ரகத் தமிழை மெஷினிடம் கொடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பது மெஷினுக்கு நாம் செய்யும் அநியாயம்.

நம் கையில் இல்லாதவை

இப்போது கசப்பான பகுதி. ‘புளூ டிக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், நான் பார்த்தது யாருக்கும் தெரியாது’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ரீட் ரெசிப்ட்டை ஆஃப் செய்தாலும், வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் அந்த மைக் நீலமாகிவிடும். இதை அணைக்க செட்டிங்கே இல்லை என்று வாட்ஸ்அப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. குரூப்பில் எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் மைக் நீலமாகும் என்றாலும், அனுப்பியவர் மெசேஜ் இன்ஃபோவைத் திறந்தால் யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியலே வரும். மாமாவின் குரூப் பிரசங்கத்தை யார் கேட்கவில்லை என்று மாமாவுக்குத் தெரியும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது கேட்பார்.

இன்னொன்று, ஆட்டோ டவுன்லோடு. போட்டோ, வீடியோவை வந்தவுடன் இறங்காமல் தடுக்கலாம். வாய்ஸ் மெசேஜ் மட்டும் எப்போதும் தானாக இறங்கிவிடும். டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓபஸ் என்ற முறையில் நன்றாகச் சுருக்கி அனுப்புவதால் ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஏறக்குறைய 100 முதல் 200 கேபி வரைதான் ஆகும், பல ‘குட் மார்னிங்’ படங்கள் அதைவிடப் பெரிது.

என்னைக் கேட்டால், இல்லாத கன்ட்ரோல்களில் முக்கியமானது, ‘எனக்கு வாய்ஸ் மெசேஜே வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை. வாட்ஸ்அப்பில் இதற்குப் பட்டன் இல்லை. டெலிகிராமில் உண்டு. யார் தனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியை 2022-ல் கொண்டுவந்தார்கள். ஆனால் பிரீமியம் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். வீட்டு வாசலில் கதவு வைக்கக் காசு கேட்பது மாதிரி இருக்கிறது. ஆப்பிளின் ஐமெசேஜ் வேறு வழியில் யோசித்தது. அங்கே ஆடியோ மெசேஜைக் கேட்ட 2 நிமிஷத்தில் அது தானாக அழிந்துவிடும், வேண்டுமென்றால் ‘கீப்’ கொடுக்க வேண்டும், அல்லது செட்டிங்ஸில் அழியாதபடி மாற்றிக்கொள்ள வேண்டும். சீனர்களின் வீசாட் ஆப் ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு 60 விநாடி என்று வரம்பு வைத்திருந்தது. நம் நண்பனின் மேனேஜர் புராணம் அங்கே ஏழு அத்தியாயமாக வந்திருக்கும்.

குரல் வழிமாறிப் போனால்

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷனில் போகிறது, நடுவில் யாரும் கேட்க முடியாது. சரி. ஆனால் வழியில்தான் பாதுகாப்பு, போய்ச் சேர்ந்த இடத்தில் கிடையாது. எதிராளி அதை ஃபார்வர்டு செய்யலாம், மெயிலில் அனுப்பலாம், டிரைவில் போடலாம். நம்பிச் சொன்ன ஒரு விஷயம், சொன்னவரின் சொந்தக் குரலிலேயே வேறு குரூப்பில் சுற்றும்போது “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று மறுக்கவும் வழியில்லை. காதல் முறிந்த பிறகு பழைய வாய்ஸ் நோட்டுகளை வைத்து மிரட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இது நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் ‘வியூ ஒன்ஸ்’ வாய்ஸ் மெசேஜ் வந்தது. ரிக்கார்டிங்கை லாக் செய்த பிறகு வட்டத்துக்குள் 1 என்று இருக்கும் பட்டனைத் தொட்டு அனுப்பினால், எதிராளி ஒருமுறை மட்டும் கேட்கலாம். ஃபார்வர்டு, சேவ் எதுவும் முடியாது. 14 நாளுக்குள் திறக்காவிட்டால் காலாவதி. ஓ.டி.பி. மாதிரி விஷயங்களை இதிலும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இன்னொரு போனை வைத்து ரிக்கார்டு செய்தால் எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது.

தெரியாத நம்பரிலிருந்து அசிங்கமான வாய்ஸ் மெசேஜ் வந்தால், பதறி அழிப்பதுதான் முதலில் தோன்றும். அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம். ரிப்போர்ட் செய்தால் அந்த நபரிடமிருந்து வந்த கடைசி 5 மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும். புகார் கொடுக்க சைபர் கிரைம் உதவி எண் 1930, தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181. ஒரிஜினல் மெசேஜ் உள்ள போனை ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு மூலம் இருந்தாக வேண்டும்.

இதில் புதிதாகச் சேர்ந்திருப்பது குரல் போலி. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வால்-ஈ என்ற ஏஐ மாடலை அறிமுகம் செய்தபோது, வெறும் 3 விநாடிக் குரல் மாதிரியை வைத்து அந்த நபரைப் போலவே பேசவைக்க முடியும் என்று காட்டினார்கள். மூன்று விநாடி என்பது ‘ஹலோ, யார் பேசுறது?’ சொல்லும் நேரம். அதனால் “அப்பா, ஆக்ஸிடன்ட் ஆயிடுச்சு, இந்த நம்பருக்குப் பணம் போடுங்க” என்று மகன் குரலிலேயே வாய்ஸ் நோட் வந்தாலும், அதைக் கேட்ட கையோடு மகனின் பழைய நம்பருக்கு ஒரு கால் போட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு ரகசியக் கேள்வி வைத்திருக்கிறோம். ஊரில் இருந்த பழைய ஆட்டின் பெயர். அதை எந்த ஏஐயும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒரு வரி போதும்

ஆப் கொடுக்காத கன்ட்ரோலை நாமேதான் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பஸ் சம்பவத்துக்குப் பிறகு நண்பனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. வாய்ஸ் அனுப்பு, எவ்வளவு நீளமா வேணா அனுப்பு, கீழே ஒரு வரி எழுதிடு. இப்போது ‘மேனேஜர் புலம்பல், அவசரமில்லை, தனியா கேளு’ என்று போடுகிறான். நானும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது நிதானமாகக் கேட்கிறேன், உண்மையில் நன்றாகவே இருக்கிறது. விலாசம், தேதி, தொகை எல்லாம் எழுத்தில் வந்துவிடுகிறது, பிறகு தேடினாலும் கிடைக்கும். வாய்ஸ் நோட்டுக்குள் ‘எல்லா ஊர் சர்ச்’ போட்டாலும் எதுவும் கிடைக்காது, தெரியுமல்லவா?

ஆபீஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மேலதிகாரி தன் கீழே வேலை பார்ப்பவருக்கு 5 நிமிஷ வாய்ஸ் நோட்டில் வேலை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘நீ குறிப்பெடுத்துக்கோ’ என்ற அதிகாரம் அதில் இருக்கிறது. எழுதிச் சொன்னால், சொன்னவர் என்ன சொன்னார் என்பதற்கு அவரும் பொறுப்பு. காது கேளாதவர் ஒருவர் குரூப்பில் இருந்தால், அந்த வாய்ஸ் நோட் அவருக்குப் பூட்டிய கதவு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. அவர்கள் இஷ்டம்.

பத்திரமாக வைக்க

என்னோடு படித்த ஒருவனின் அப்பா போன வருஷம் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்திருக்கிறது. சாட்டைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. எப்போதோ இடத்தைச் சேமிக்கிறேன் என்று இவனே டிஸ்அப்பியரிங் மெசேஜை 90 நாளுக்கு வைத்திருக்கிறான், மறந்தும்விட்டான். பேக்கப்பும் ஆஃபில். ‘கீப்’ கொடுத்து வைத்த மெசேஜ்கள் அழியாது, ஆனால் அதை அப்போதே செய்திருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டிய குரல் எதுவாக இருந்தாலும், ஸ்டார் போட்டு வைப்பது மட்டும் போதாது. மெசேஜை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, உங்கள் மெயிலுக்கோ டிரைவுக்கோ ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். ஃபைலுக்கு ஒரு பெயரும் தேதியும் வையுங்கள், இல்லையென்றால் ‘பி.டி.டி.’ ஃபைல்களுக்கு நடுவில் தொலைந்துபோகும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப், 2024 முதல் கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகிறது. அது நிரம்பியிருந்தால் பேக்கப் ஓடாமலே இருக்கும், ஒருமுறை திறந்து கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள்.

நண்பனுக்குக் கடைசியில் அத்தை கை கொடுத்தார். ஊரில் அத்தையின் பழைய போனில், அண்ணன் அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் பதினொன்று அப்படியே இருந்தன. மழை பெய்யுதா, மாத்திரை போட்டியா, தம்பி ஊருக்கு வந்தா அந்த அரிசியைக் கொடுத்தனுப்பு. இருக்கிறதிலேயே நீளமானது 40 விநாடி. இவன் எல்லாருடைய வாய்ஸ் நோட்டையும் 2 மடங்கில் கேட்கிற ஆள். பழக்கதோஷத்தில் முதல் நோட்டுக்கும் கை அந்தப் பட்டனுக்குப் போய்விட்டதாம். ஒரு விநாடி ஓடியதும் நிறுத்தி, 1-க்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து போட்டிருக்கிறான்.